ஆறாவது வாக்கு

2025 ஜனவரி தொடக்கத்தில் ஒரு மத்தியானம். கடையில் ஆள் இல்லை. உர மூட்டைகளுக்கு நடுவே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஜிம்மி கார்ட்டரின் இறுதி ஊர்வலப் பதிவைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள அவருடைய சொந்த ஊரான ப்ளெய்ன்ஸைக் கடந்து, அவர் சிறுவனாக வளர்ந்த ஆர்ச்சரி பண்ணை வாசலில் சற்று நேரம் நின்றது. அமெரிக்காவின் 39-வது அதிபர் என்பதால் பண்ணையின் பழைய மணியை 39 தடவை அடித்தார்கள். மணிச் சத்தம் முடிகிற வரை நானும் எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. அன்று இரவு அவருடைய வாழ்க்கையைப் பற்றித் தேடித் தேடிப் படித்தபோது ஒரு எண் கண்ணில் பட்டது. 54க்கு 6. அதற்குப் பிறகு எனக்குச் சரியான தூக்கமில்லை.

1965-ல் ப்ளெய்ன்ஸ் பாப்டிஸ்ட் சபையில் நடந்த வாக்கெடுப்பு அது. கறுப்பர்களும் சிவில் உரிமைப் போராட்டக்காரர்களும் ஆராதனைக்கு வந்தால் உள்ளே விடக்கூடாது என்பது தீர்மானம். ஆதரித்தவர்கள் 54 பேர், எதிர்த்தவர்கள் 6 பேர். அந்த ஆறில் ஐந்து கார்ட்டர் குடும்பத்து வாக்குகள். ஆனால் என் தூக்கத்தைக் கெடுத்தது இந்த இரண்டு எண்களும் இல்லை. அன்று வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் ஆதரித்தும் வாக்களிக்கவில்லை, எதிர்த்தும் வாக்களிக்கவில்லை. பேசாமல் இருந்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அந்தக் கூட்டத்தில் எனக்கும் ஒரு இடம் உண்டு.

போன ஐப்பசி மழையில் எங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்துக் குறுக்குச் சுவர் 30 அடி நீளத்துக்குச் சரிந்து விழுந்தது. அது எதற்காகக் கட்டப்பட்ட சுவர் என்பது எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்தப் பக்கம் எங்கள் தெருக்காரர்கள், அந்தப் பக்கம் கீழத்தெருக்காரர்கள். ஒரே வேதபுத்தகம், ஒரே பாட்டுப் புத்தகம், ஒரே நற்கருணைக் கிண்ணம். செத்தபிறகு மட்டும் நடுவில் சுவர். அதை மறுபடியும் கட்டுவதா என்று சபைக் கூட்டத்தில் பேச்சு வந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்தார். எனக்கு நான்காம் வகுப்பில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். "விழுந்தது விழுந்ததாவே கெடக்கட்டும். நாம கட்ட வேண்டாம்" என்றார், அவ்வளவுதான். கட்ட வேண்டாம் என்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார்கள். என் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவர் எனக்கு 62,000 ரூபாய் பாக்கி தரவேண்டியவர். முன் வரிசையில் இருந்தவர் ஒவ்வொரு போகத்துக்கும் எங்கள் கடையில் மட்டுமே உரம் வாங்குகிறவர். என் கை முழங்கால் மேலேயே இருந்தது. கட்ட வேண்டும் என்றபோதும் தூக்கவில்லை. அதை ஒரு நேர்மை என்றுகூட அப்போது நினைத்துக்கொண்டேன்.

அவித்த கடலை விற்ற பையன்

கார்ட்டரை நம்மவர்கள் கடலை வியாபாரி என்றுதான் நினைவில் வைத்திருக்கிறார்கள். அது தப்பில்லை. 1924 அக்டோபர் 1 அன்று ப்ளெய்ன்ஸில் பிறந்து, ஐந்தாறு வயதிலேயே கடலையைப் பிடுங்கிக் கழுவி, உப்புப் போட்டு அவித்து, காகிதப் பொட்டலம் கட்டி, பொட்டலம் ஐந்து சென்ட் என்று ஊருக்குள் நடந்து விற்ற பையன் அவர். பேருந்து நிலையத்தில் அவித்த கடலை வாங்கித் தின்ற எவருக்கும் அந்த வாசம் தெரியும். அப்பா ஏர்ல் கார்ட்டர் நிலமும் கடையும் வைத்திருந்தவர், கண்டிப்பானவர், வெள்ளையர் வேறு கறுப்பர் வேறு என்பதில் சந்தேகமே இல்லாதவர். அம்மா லில்லியன் நர்ஸ். கறுப்பர் வீடுகளுக்குள் போய் வைத்தியம் பார்த்தவர். பிற்காலத்தில், 68 வயதில், அமெரிக்க அரசின் தொண்டர் அமைப்பான அமைதிப் படையில் (பீஸ் கோர்) சேர்ந்து மும்பைக்குப் பக்கத்தில் விக்ரோலியில் நோயாளிகளைக் கவனித்துக்கொண்டவரும் அவரே. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் வளர்ந்தவர் ஜிம்மி. ஆர்ச்சரியில் அக்கம்பக்கத்து வீடுகள் பெரும்பாலும் கறுப்பர்களுடையவை. அவருடைய விளையாட்டுத் தோழர்களும் அவர்களே.

1938 ஜூனில் ஜோ லூயிஸும் ஜெர்மானியரான மாக்ஸ் ஷ்மெலிங்கும் மோதிய குத்துச்சண்டை பற்றி அவர் சொல்லியிருக்கும் நினைவு ஒன்று உண்டு. கறுப்பரான லூயிஸின் சண்டையைக் கேட்க அக்கம்பக்கத்துக் கறுப்பர்கள் ஏர்லிடம் அனுமதி கேட்டு வந்தார்கள். வீட்டுக்குள் வர முடியாது. வானொலியைச் சன்னல் ஓரமாக வைத்தார் ஏர்ல், வந்தவர்கள் முற்றத்தில் நின்று கேட்டார்கள். முதல் சுற்றிலேயே ஷ்மெலிங் விழுந்தார். முற்றத்தில் ஒரு சத்தம் இல்லை. மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு, வரிசையாகத் தண்டவாளத்தைத் தாண்டி நடந்துபோய், அங்கிருந்த ஒரு வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திய பிறகுதான் கூச்சலும் கொண்டாட்டமும் வெடித்ததாம். 13 வயதுப் பையன் இந்தப் பக்கம் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். பிழைப்புக்காக வாயை மூடிக்கொள்வது என்றால் என்ன என்று அவருக்கு முதலில் காட்டியவர்கள் அவர்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்களுடைய மௌனத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. பேசியிருந்தால் உயிருக்கும் கூலிக்கும் ஆபத்து. எனக்கு என்ன ஆபத்து இருந்தது? 62,000 ரூபாய்.

90 வினாடி

கடற்படைதான் அந்த ஊரிலிருந்து வெளியேற அவருக்குக் கிடைத்த வழி. அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரியில் 1946-ல் படித்து முடித்தார், அதே ஆண்டு ஜூலையில் ப்ளெய்ன்ஸ்காரியான ரோசலினைக் கல்யாணம் செய்தார், பிறகு நீர்மூழ்கிக் கப்பல் பணி. பசிபிக்கில் பாம்ஃப்ரெட் என்ற கப்பலின் மேல்தளத்தில் காவல் நின்றபோது ஒரு பேரலை அவரைத் தூக்கிக்கொண்டு போய், கப்பலின் பின்பக்கப் பீரங்கிமேல் எறிந்தது. கொஞ்சம் விலகியிருந்தால் கடலோடு போயிருப்பார். அனாபொலிஸில் இருந்தபோதும் அவர் ஞாயிறு பள்ளி ஆசிரியர். கடலுக்கு அடியில் போனபோதும் சக மாலுமிகளுக்கு ஆராதனை நடத்தியவர்.

1952 டிசம்பரில் கனடாவின் சாக் ரிவர் அணு உலை விபத்துக்குள்ளானது. உருகிக் கெட்டுப்போன உலையைக் கழற்ற உதவிக்குப் போன அமெரிக்கக் கடற்படைக் குழு ஒன்றுக்குத் தலைவர் லெப்டினன்ட் கார்ட்டர். வயது 28. உள்ளே ஒருவர் ஒரு தடவைக்குச் சுமார் 90 வினாடிதான் இருக்கலாம். அதற்குள்ளேயே ஒரு வருஷத்துக்கு உடம்பு தாங்கக்கூடிய கதிர்வீச்சு ஏறிவிடும். அதனால் பக்கத்தில் இருந்த டென்னிஸ் மைதானத்தில் அச்சு அசலாக ஒரு மாதிரி உலை கட்டி ஒத்திகை பார்த்தார்கள். எந்தத் திருகு எங்கே, எந்த ஸ்பேனர் எந்தக் கையில், யார் முதலில் குனிய வேண்டும் என்பது வரை. ஒத்திகை முடிந்ததும் மூன்று மூன்று பேராக ஓடி இறங்கி, முடிந்த மட்டும் திருகுகளைக் கழற்றிவிட்டு ஓடி ஏறுவார்கள். உள்ளே ஒரு திருகு கழன்றால், மைதானத்து மாதிரியிலும் அதே திருகைக் கழற்றிவிடுவார்கள், அடுத்து இறங்குகிறவர்களுக்குத் தடுமாற்றம் வரக்கூடாது என்று. பிறகு மாதக்கணக்கில் அவர்களுடைய சிறுநீரைச் சோதித்தார்கள். அதில் கதிரியக்கம் இருந்துகொண்டே இருந்தது.

இந்தத் திருகு விஷயத்தைப் படித்த அன்று ரொம்ப நேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். தைரியம் என்பதைத் திடீரென்று உள்ளுக்குள் பொங்குகிற ஒன்றாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். இவர்கள் 90 வினாடி வேலைக்கு அத்தனை தடவை ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். எங்கள் கூட்டத்துக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பே எனக்குத் தெரியும், சுவர் பேச்சு வரும் என்று. நான் ஒரு தடவைகூட மனசுக்குள் கையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

கடற்படையில் அவர் கற்ற இன்னொன்றும் உண்டு. 1948-ல் அதிபர் ட்ரூமன் படைகளில் இனப் பிரிவினையை ஒழிக்க உத்தரவிட்ட பிறகு, வெள்ளை மாலுமிகளும் கறுப்பு மாலுமிகளும் ஒரே கப்பலில் ஒரே காற்றைச் சுவாசித்தார்கள். கார்ட்டர் இருந்த கே-1 நீர்மூழ்கி பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த ஒரு தீவுக்குப் போனபோது மாலுமிகளுக்கு விருந்துக்கு அழைப்பு வந்தது. கறுப்பர்கள் மட்டும் வரவேண்டாம் என்றார்கள். அப்படியானால் யாருமே வரவில்லை என்று சொல்லிவிட்டது கப்பல்.

பற்று நோட்டு

1953 ஜூலையில் அப்பா ஏர்ல் கணையப் புற்றுநோயால் இறந்தார். கடைசி நாட்களில் விடுப்பில் வந்து கட்டிலருகே உட்கார்ந்திருந்த மகன், வாசலுக்கு வந்து போனவர்களைப் பார்த்துத் திகைத்துப்போனார். கறுப்பர், வெள்ளையர் என்று பேதமில்லாமல் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஏர்ல் சத்தமில்லாமல் பலருக்கும் உதவியிருக்கிறார். நான் செத்தால் எத்தனை பேர் இப்படி வருவார்கள் என்று மகன் தன்னையே கேட்டுக்கொண்டார். அணுசக்தி நீர்மூழ்கியான சீவுல்ஃப் அவருக்காகக் காத்திருந்தது. அதை விட்டுவிட்டு, அதே அக்டோபரில் கடற்படையிலிருந்து விலகி ஊருக்குத் திரும்பினார். ரோசலினுக்கு வந்ததே கோபம்! காரில் வரும் வழியெல்லாம் புருஷனோடு நேரடியாகப் பேசவில்லை. வண்டியை நிறுத்த வேண்டுமானால், "ஜாக், உங்க அப்பாகிட்ட சொல்லு" என்று மூத்த மகன் மூலமாகத்தான்.

முதல் வருஷமே மழை பொய்த்தது. வருமானம் இல்லை, ஏழைகளுக்காக அரசு கட்டிய குடியிருப்பில் வாடகைக்கு இருந்தார்கள். கார்ட்டரின் கிட்டங்கி விவசாயிகளிடம் கடலை வாங்கியது, விதையும் உரமும் விற்றது. மூட்டை தூக்குவதிலிருந்து எல்லா வேலையும் அவரே செய்தார். கணக்கு எழுத ரோசலின் வந்தார், கொஞ்ச நாளில் கடையின் வரவு செலவு அவர் கைக்கே போய்விட்டது. உரக்கடை நடத்துகிற எவருக்கும் இந்தப் பிழைப்பு தெரியும். விதைக்கும்போது கடன் கொடுத்துவிட்டு, அறுவடை வரை வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஊரே உன் பற்று நோட்டில் இருக்கும். அப்படியென்றால் நீயும் ஊரின் நோட்டில் இருக்கிறாய் என்று அர்த்தம்.

பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், அதை எதிர்க்கத் தென் மாநிலங்களில் வெள்ளையர் குடிமக்கள் சங்கம் கிளம்பியது. ப்ளெய்ன்ஸில் உறுப்பினர் சேர்க்க வந்தவர்களில் ஒருவர் ஊர்க் காவல் அதிகாரி, இன்னொருவர் ரயில் நிலையத்தில் வேலை பார்த்த பாப்டிஸ்ட் போதகர். கார்ட்டர் சேரவில்லை. ஊரில் சேராத வெள்ளைக்கார ஆண் நீ ஒருவன்தான் என்று சொல்லிப் பார்த்தார்கள். அடுத்த முறை அவருடைய வாடிக்கையாளர்கள் சுமார் இருபது பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, சந்தா ஐந்து டாலரை நாங்களே கட்டிவிடுகிறோம் என்றார்கள். அந்த ஐந்து டாலரைக் கக்கூஸில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாலும் ஊற்றுவேனே தவிரச் சேர மாட்டேன் என்றார் கார்ட்டர். கொஞ்ச காலம் கடையைப் புறக்கணித்தார்கள். பிறகு பெரும்பாலோர் திரும்பி வந்துவிட்டார்கள். நான் நாலு தடவை திரும்பத் திரும்பப் படித்தது இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான். திரும்பி வந்துவிட்டார்கள். என் இடப்பக்கத்துக்காரர் மட்டும் எங்கே போயிருப்பார்? அடுத்த உரக்கடை 14 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

1965 கோடையில் பக்கத்து அமெரிக்கஸ் நகரத்தில் போராட்டங்கள் தீவிரமாக இருந்தன. கறுப்பர்கள் வெள்ளையர் சபைகளின் வாசலில் வந்து நின்றார்கள். ப்ளெய்ன்ஸ் சபையின் பொறுப்பாளர்களான டீக்கன்மார் முந்திக்கொண்டு தடைத் தீர்மானம் போட்டார்கள். கார்ட்டரும் ஒரு டீக்கன், அதோடு மாநில செனட்டர். பாப்டிஸ்டுகளுக்கு மேலே பிஷப் கிடையாது. ஒவ்வொரு சபையும் தன் காரியத்தைத் தானே வாக்குப் போட்டு முடிவு செய்யும். பாவத்தை மேலிடத்தின் தலையில் கட்டிவிட்டு ஒதுங்க அங்கே வழியில்லை. 11 வயதில் இதே சபையில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்த மனிதர், அம்மாவும் மனைவியும் பிள்ளைகளும் பக்கத்தில் இருக்க, தன்னிடம் விதை வாங்குகிறவர்களின் முகத்தைப் பார்த்து, இந்தத் தீர்மானம் வேண்டாம் என்று பேசினார். தோற்றார். அடுத்த ஆண்டு ஆளுநர் தேர்தலுக்கு நிற்கப்போகிற ஆள் அவர்.

அவரும் பேசாத நாட்கள்

இதோடு நிறுத்தியிருந்தால் அவரைப் படமாக்கிச் சுவரில் மாட்டிவிட்டு நான் தப்பித்திருப்பேன். ஆனால் மீதியையும் படித்தேன். ப்ளெய்ன்ஸுக்குப் பக்கத்திலேயே கொய்னோனியா என்ற கிறிஸ்தவப் பண்ணை இருந்தது. கிளாரன்ஸ் ஜோர்டன் என்ற பாப்டிஸ்ட் 1942-ல் தொடங்கியது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள் என்பதற்காக 1950களில் அதன்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது, குண்டு வெடித்தது, அவர்களுடைய பொருளை யாரும் வாங்காமல் விற்காமல் வணிகமே முடக்கப்பட்டது. அந்த நாட்களில் கார்ட்டர் வெளிப்படையாக அவர்கள் பக்கம் வந்து நிற்கவில்லை. சம்டர் மாவட்டப் பள்ளிக் குழுவில் இருந்தபோது, வெள்ளைக் குழந்தைகள் பேருந்தில் போக, கறுப்புக் குழந்தைகள் நடந்தே போனது குழுவில் சேர்ந்து பல மாதங்கள் வரை தனக்கு உறைக்கவே இல்லை என்று அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். 1970 ஆளுநர் தேர்தலில், பிரிவினை பேசுகிறவர்களின் வாக்கு கிடைக்கும்படி வளைந்து நெளிந்து பிரசாரம் செய்தார். அதை எந்தச் சமாதானம் சொல்லியும் என்னால் கழுவ முடியாது. ஜெயித்துப் பதவியேற்ற 1971 ஜனவரியில், இனப் பாகுபாட்டின் காலம் முடிந்துவிட்டது என்று அதே வாயால் அறிவித்தார். வாக்குப் போட்டவர்களில் பலர் ஏமாந்துபோய் நின்றார்கள்.

எனக்கு அவர்மேல் மரியாதை குறையவில்லை, கூடியது. 1965-ல் வாக்குப் போட்டவர் ஒரு புனிதர் என்றால் எனக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. வாய் திறக்காத நாட்கள் உள்ள, கடனுக்கு உரம் விற்ற, தேர்தலுக்காகச் சறுக்கிய ஒரு ஆள் போட்ட வாக்கு அது. அதனால்தான் என்னை உறுத்துகிறது.

1976-ல் அதிபர் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, ஆல்பனியைச் சேர்ந்த கிளென்னன் கிங் என்ற கறுப்புப் போதகர் உறுப்பினராகச் சேர வருகிறார் என்றதும், ப்ளெய்ன்ஸ் சபை அன்றைய ஆராதனையையே ரத்து செய்து கதவை மூடியது. 11 ஆண்டுக்கு முன் போட்ட தடை அதுவரை உயிரோடு இருந்திருக்கிறது. உலகமே பார்த்துவிட்ட பிறகு அடுத்த மாதம் நீக்கினார்கள். ஆனால் கதவைத் திறக்கச் சொன்ன போதகர் சில மாதங்களில் போக வேண்டியதாயிற்று, சபை உடைந்தது, பிரிந்தவர்கள் மாரநாதா என்ற பெயரில் புதுச் சபை தொடங்கினார்கள்.

வெள்ளை மாளிகைக் காலத்தை எல்லோரும் எழுதிவிட்டார்கள். 1981-ல் திரும்பி வந்தபோது, அறக்கட்டளையிடம் ஒப்படைத்துவிட்டுப் போன கிட்டங்கி வியாபாரம் பத்து லட்சம் டாலர் கடனில் இருந்தது. விற்றுத்தான் கடனை அடைத்தார். சேர்ந்தது மாரநாதா சபையில். 90 வயதைத் தாண்டியும் அங்கே ஞாயிறு பள்ளி நடத்தினார். காணிக்கைத் தட்டுகளைத் தன் பட்டறையில் தானே மரத்தில் கடைந்து கொடுத்தார். தட்டைத் திருப்பினால் அடியில் ஜே.சி. என்று இரண்டு எழுத்து இருக்கும்.

எங்கள் கல்லறைத் தோட்டத்துச் சுவரை மார்கழிக்கு முன்பே கட்டி முடித்துவிட்டார்கள். என் கடையில் உரத்தோடு சிமெண்டும் உண்டு. 22 மூட்டை என் கடையிலிருந்துதான் போனது. பில் போட்டேன், பணமும் வந்துவிட்டது. கூட்டம் நடந்த அன்று ராத்திரி ஆசிரியருக்குப் போன் செய்து, "சார், நீங்க சொன்னதுதான் சரி" என்று சொல்லியிருந்தேன். அவர் "சரிப்பா" என்று மட்டும் சொன்னார்.

போன வாரம் யூரியா வாங்க வந்தார். உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, இந்த 54க்கு 6 கதையைச் சொன்னேன். திருகு, ஐந்து டாலர், மரத்தட்டு எல்லாம் சொன்னேன். டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு குடிக்காமல் கேட்டார். முடித்ததும் கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கு வாத்தியார் இல்லையா, விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார்.

"அஞ்சு பேரு அவங்க வீட்டு ஆளுங்க. சரி. அந்த ஆறாவது ஆளு யாரு தம்பி?"

மூட்டையைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்ட நானும் கூடப் போனேன். கயிற்றின் ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டார்.